படித்துக் காட்டியாச்சா?

சாயல்குடி அருகே,
3.6.2025

அன்புள்ள காலிதாவுக்கு,

பூங்கோதை எழுதுவது. நலமா? உம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

போனில் பேசாமல் எதற்குப் பிரெயிலில் புள்ளி குத்தி அனுப்புகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் அறைகளுக்கு நடுவே சுவர் ஆளுயரம்தான். பேசினால் மதினிக்குக் கேட்கும். இந்த எழுத்து என்னைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தை விட்டுப் பதினாறு வருடம் ஆகிறது, விரல் தடுமாறுகிறது. பிழை இருந்தால் சிரிக்காதே.

அய்யா தை மாதம் காலமானது உனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை பாண்டி அண்ணன் என்னைப் பைக்கில் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போனான். "பென்சன் விசயமா ஒரு ரேகை வைக்கணும்த்தா" என்றான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே என்றேன். "ரேகைதான் கேக்காங்க" என்றான். அங்கே ஒரு அதிகாரி, "பார்வையில்லாதவங்களா? படிச்சுக் காட்டியாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு சார்" என்றான் அண்ணன். நான் வாயைத் திறக்கவில்லை, காலிதா. அவன் கை என் தோளில் இருந்தது.

பென்சனுக்கு எதற்குப் பத்திர ஆபீஸ்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தாளைக் கேட்டால் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்கிறான். பதிவுத்துறையின் இணையதளத்தில் தேடிப் பார்த்தேன். ஊர், சர்வே எண் வரைக்கும் வாசித்துச் சொன்ன போன், கடைசியில் "படம்" என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது. அந்தப் படத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்துத் தட்டினால்தான் உள்ளே விடுமாம்.

நீ பத்திரங்களோடுதானே வேலை செய்கிறாய்? நான் எதில் ரேகை வைத்தேன் என்று பார்த்துச் சொல்வாயா? பயமாக இருக்கிறது.

உன் பூங்கோதை


ராமநாதபுரம்,
11.6.2025

அன்புத் தோழி பூங்கோதைக்கு,

காலிதாவின் சலாம். உன் கடிதத்தை நாலு தடவை தடவிப் படித்தேன். பிழை இரண்டே இரண்டுதான்.

என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். அரசுப் பத்திரங்கள் கணினியில் படமாகத்தான் கிடக்கின்றன. நம்மைப் போலக் கண் தெரியாதவர்களுக்கு அது வெற்றுத்தாள். அவற்றைக் கணினி வாசிக்கிற எழுத்தாக மாற்றிப் பார்க்கும் சோதனைத் திட்டம் இது. மாற்றியதை நான் காதால் கேட்டு எங்கே தப்பு என்று குறிக்க வேண்டும். சேர்ந்த அன்றே எழுதி வாங்கிவிட்டார்கள், இங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று. ஒப்பந்த வேலை. அத்தா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு இது ஒன்றுதான் வருமானம். அதனால் என்னால் பார்க்க முடியாது, மன்னித்துவிடு.

நீயே மனுப் போடலாம். உன்னால் படிக்க முடிகிற விதத்தில் நகலைத் தரச் சட்டம் இருக்கிறது. ஆனால் பதில் உன் வீட்டுக்குத்தான் வரும், யோசித்துக்கொள்.

பாண்டி அண்ணன் உன்னைத் தூக்கி வளர்த்தவர். பென்சன் சம்பந்தமாகத்தான் இருக்கும். பயப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
காலிதா


சாயல்குடி அருகே,
2.7.2025

அன்புள்ள காலிதா,

நீ தைரியம் சொன்ன பிறகு இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். அண்ணனைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. நேற்று முன்தினம் மறுபடியும் கூட்டிப் போனான். "போன தடவ ஒண்ணு விட்டுப் போச்சு" என்றான். மறுபேச்சுப் பேசாமல் ரேகை வைத்தேன். வெளியே வந்ததும் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். யாரிடமோ போனில், "சோலார்காரங்க ஒரே பேர்ல இருந்தாத்தான் பேசுவாங்களாம்ல, இப்ப சரியாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பாதி இளநீரை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் வானம் பார்த்த நிலத்தையெல்லாம் சோலார் கம்பெனிகள் கேட்டுக்கொண்டு வருகின்றன. எதை ஒரே பேருக்கு மாற்றினார்கள்? யார் பேருக்கு?

நேற்று யுவராணி மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னத்தா எந்நேரமும் டொக்கு டொக்குன்னு குத்திக்கிட்டிருக்க? யாருக்கு எழுதுற?" என்றாள். பள்ளிக்கூடத் தோழிக்கு என்றேன். தாளை வாங்கித் தடவிப் பார்த்தாள். அவள் மூச்சு வேகமாக இருந்தது. சாயங்காலம் என் போனை, "ரிப்பேருக்குக் குடுக்கணும்" என்று வாங்கிக்கொண்டாள். அது ரிப்பேராகவே இல்லை.

மதுரையில் ஒரு விடுதி இருக்கிறதாம், என் போன்றவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்வார்களாம். ஆடி கழியட்டும் என்கிறார்கள். அம்மா சாகுமுன் என் பேருக்கே எழுதி வைத்த கிணற்றடி நிலம் ஒன்று இருக்கிறது. ஆடி முடிந்ததும் இன்னொரு ரேகையாம்.

இந்தக் கடிதத்தை மாரிச்செல்வி அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். எங்கள் காட்டில் வேலை பார்ப்பவர். நீயும் அவர் பேருக்கே எழுது. சீக்கிரம்.

பூங்கோதை


ராமநாதபுரம்,
21.7.2025

பூங்கோதைக்கு,

நீ எழுதிப் பத்தொன்பது நாள் கழித்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். உன் முதல் கடிதம் வந்த மறுநாளே உன் பத்திரத்தை எடுத்துக் கேட்டேன். அது விடுதலைப் பத்திரம். அய்யா நிலத்தில் உன் பாதியை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாய். "வாசகங்களைப் படிக்கக் கேட்டுப் புரிந்துகொண்டு, பிறர் தூண்டுதல் இன்றி, முழு மனதோடு" என்று கணினி வாசித்தது. உணர்ச்சியே இல்லாத குரல். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டேன். உன்னிடம் சொன்னால் நீ சண்டைக்குப் போவாய், எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள், என் வேலை போகும். இவ்வளவுதான் யோசித்தேன். அதனால்தான் பயப்படாதே என்று எழுதினேன்.

நீ அதை நம்பி இரண்டாவது ரேகை வைத்துவிட்டாய். அதையும் கேட்டேன். அது வீட்டில் உனக்குள்ள பங்கு.

மூன்றாவதில் வைக்காதே. அந்த அதிகாரி கேட்கும்போது, படித்துக் காட்டவில்லை என்று சத்தமாகச் சொல். சட்ட உதவி மையத்தில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். அவர்கள் போன் எண்ணை அடியில் குத்தியிருக்கிறேன்.

எனக்குப் பதில் எழுது. திட்டியாவது எழுது.

காலிதா


ராமநாதபுரம்,
9.8.2025

பூங்கோதை,

என் கடிதம் கிடைத்ததா? மாரிச்செல்வி அக்கா கையில்தான் சேர்ந்ததா, வேறு யார் கையிலாவதா? இன்னும் ஏழு நாளில் ஆடி முடிகிறது. உன் போன் அணைந்தே இருக்கிறது. உன்னை மதுரைக்குக் கொண்டு போய்விட்டார்களோ என்று கெட்ட கெட்ட நினைப்பாக வருகிறது. ஒரு வரி எழுது. ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கேட்கிறேன்.

காலிதா


சாயல்குடி அருகே,
23.8.2025

காலிதாவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்தைப் படித்த அன்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரு புள்ளிகூடக் குத்த முடியவில்லை. அண்ணனும் படித்துக் காட்டவில்லை, நீயும் படித்துக் காட்டவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை கூட்டிப் போனார்கள். பைக்கில் போகும்போது எனக்குப் பல் கிட்டித்துவிட்டது. ஒருவேளை பேசவே முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். அதே அதிகாரி, அதே கேள்வி. "ஆச்சு சார்" என்றான் அண்ணன். அவன் கை தோளில் இருந்தது.

"இல்ல சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "எனக்கு யாரும் படிச்சுக் காட்டல சார். முந்தின ரெண்டு தடவையும் படிச்சுக் காட்டல. பென்சன்னு சொல்லிக் கூட்டியாந்தாங்க."

தோளில் இருந்த கை போய்விட்டது. அதிகாரி அந்த ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். நாலு எல்லையும் படித்தார்கள். கிணற்றடி நிலம்தான், காலிதா. அண்ணன் பேருக்குத் தானமாக. "எனக்கு இதில் சம்மதமில்லை" என்றேன்.

"இம்புட்டு நாளும் இவளுக்குச் சோறு போட்டது யாரு சார்?" என்று அண்ணன் கத்தினான். அவன் குரல் உடைந்துபோனது. அவன்தான் போட்டான். சின்ன வயசில் என் கையைப் பிடித்து ஊரெல்லாம் நடத்திக் காட்டியவனும் அவன்தான்.

நான் அவனோடு திரும்பவில்லை. பஸ்ஸில் வந்து மாரிச்செல்வி அக்கா வீட்டில் இறங்கிவிட்டேன். இன்னும் அங்கேதான். தெருவில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து கதவைச் சாத்துகிறேன். அண்ணன் இரண்டு தடவை வாசலில் வந்து நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டான். கத்தினால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

சட்ட உதவி மையத்தில் பெண் வக்கீல் கிடைத்திருக்கிறார். முந்தின இரண்டு பத்திரத்தையும் ரத்து செய்யக் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்தில் விசாரணை. அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். "ரேகை வச்சது என்னன்னு உங்களுக்குத் தெரியாதுங்கிறதுக்கு யாராவது சாட்சி சொல்வாங்களா?" என்று வக்கீல் கேட்டார். உன்னைத் தவிர யாரிடமும் நான் கேட்டதில்லையே.

நீ வந்தால் பத்திரத்தை எப்படிக் கேட்டாய் என்று கேட்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். கோபம் இன்னும் போகவில்லை. நீ வராவிட்டால் அது அதிகமாகாது. ஆனால் இனி எழுதமாட்டேன்.

பூங்கோதை


ராமநாதபுரம்,
30.8.2025

பூங்கோதைக்கு,

இன்று காலை எங்கள் அதிகாரியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். யாருடைய பத்திரம், எந்தத் தேதியில் கேட்டேன், யாரிடம் சொன்னேன், எல்லாம். "திங்கட்கிழமை வரவேண்டாம், நாங்கள் கூப்பிடுகிறோம்" என்றார். கூப்பிடுவார்களா என்று தெரியாது. உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் தேதி நீ தனியாக அண்ணன் முன்னால் வந்து நிற்க வேண்டாம். நான் முந்தின நாளே சாயல்குடிக்கு வருகிறேன், அக்கா வீட்டில் எனக்கும் ஒரு பாய் போடச் சொல். காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே பஸ் ஏறுவோம்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வாரேன்.

காலிதா