ஒரே கணினியில் இரண்டு குரல்கள்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் அதே கழுத்தறுப்பு. வானொலி நிலையத்துக்குப் போய்க் கணினியைப் போட்டேன். கொஞ்சம் காத்திருந்து, கீழ் அம்புக்குறியை இரண்டு முறை தட்டி, என்டர். விண்டோஸ் அம்மாள் எழுந்து பேச வேண்டும். லினக்ஸ்காரன்தான் மூக்கால் முனகினான். அணைத்துப் போட்டேன். மறுபடியும் அவனே.

எங்கள் வானொலியின் ஒலிபரப்பு அட்டவணை விண்டோஸில்தான் ஓடும். நாடகத்தின் ஒலியை வெட்டி ஒட்டுவது நான் லினக்ஸில்தான். நிலையம் வாங்கி வைத்திருக்கும் ஒலித்தொகுப்பு மென்பொருளுக்குள் போனால் விண்டோஸ் அம்மாளுக்கு வாய் அடைத்துவிடும். "பட்டன், பட்டன், பட்டன்" என்பாள். என்ன பட்டன் என்று சொல்லமாட்டாள். அதனால் ஒரு பெட்டி, இரண்டு இயங்குதளம், பார்வையில்லாத எனக்குத் திரையைப் படித்துச் சொல்ல இரண்டு குரல். ஆனால் பெட்டியைப் போட்டதும் "எது வேண்டும்?" என்று கேட்டு ஒரு பட்டியல் வருகிறதே, அதைப் படிக்க ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் இரண்டு குரலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

பக்கத்து மேசை நாமூங்காவைக் கூப்பிட்டேன்.

"திரையில என்னடி இருக்கு?"

"கறுப்பா இருக்கு, முத்திந்தா."

"எழுத்து இருக்கா?"

"இருக்கே. வெள்ளையா இருக்கு."

செய்தி வாசித்துச் சம்பளம் வாங்குகிறவள்!

இரண்டு நிமிடம் கெஞ்சிய பிறகு படித்தாள். ஏதோ புதுப்பிப்பு வந்து பட்டியலில் ஒரு வரி கூடியிருக்கிறது. இனிமேல் மூன்று முறை தட்ட வேண்டும். எனக்கு யார் சொல்வது?

ஜூன் 5, வியாழன்

விரல்களே எனக்கு எதிரி. மணி கேட்க அங்கே ஒரு விசை, இங்கே வேறு. அங்கே முழுப் பக்கத்தையும் படிக்க வைக்கிற விசையை இங்கே அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. இன்று லினக்ஸில் இருப்பதாக நினைத்துக்கொண்டு விண்டோஸில் எதையோ அழுத்தி அம்மாளை ஊமையாக்கிவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டாளா, கணினியே செத்துவிட்டதா என்று தெரியாமல் கால்மணி நேரம்.

குரலாவது ஒழுங்கா? நிலையத்தார் வைத்த ஆங்கிலக் குரல். மாற்ற எனக்கு அனுமதி இல்லை. எங்கள் டோங்கா மொழியில் நான் எழுதும் வசனத்தை அவள் வாயில் சுடச்சுட நிசிமாக் களியை வைத்துக்கொண்டு படிப்பதுபோல் படிக்கிறாள். லினக்ஸ்காரனிடம் ஸ்வாஹிலிக் குரலைப் போட்டுவிட்டேன். மூக்கால் பேசினாலும் நம் பாஷை மாதிரியாவது கேட்கிறது.

ஜூன் 6, வெள்ளி

மின்வெட்டு. காலை முதல். வேலை இல்லை, எரிச்சல் மட்டும்.

ஜூன் 9, திங்கள்

ஒரு நல்ல காரியம். பட்டியல் திரைக்கு வரும் நொடியில் பெட்டி "பீப், பீப்" என்று கத்தும்படி ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டேன். கூடவே விண்டோஸைப் பட்டியலின் கடைசியில் நிறுத்தினேன். கீழ் அம்பை எத்தனை முறை தட்டினாலும் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். எண்ண வேண்டாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எவ்வளவு நாள்! எங்கேயும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்த இடத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். படம்!

மாலை, என் தொடர் நாடகத்தின் கடைசிப் பாகத்துக்குச் சோங்கோவின் காட்சியைப் பதிவு செய்தோம். பெண்டாட்டியை விட்டு ஓடிய மினிபஸ் கண்டக்டராக ஆறு மாதமாக நடிக்கிறான். இன்று அவள் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டான். குளிரில் என் கை விறைத்திருந்தது. ஆனாலும் அவன் பேசி முடிக்கும்வரை ஒலிவாங்கியை நகர்த்தவில்லை. நாமூங்கா மூக்கை உறிஞ்சியது பதிவில் விழுந்திருக்கும். விழட்டும்.

"நாளைக்கு நமீபியாவுக்கு லாரி எடுக்கிறேன்க்கா. இனி நீங்களாச்சு, உங்க கண்டக்டராச்சு" என்று கிளம்பினான்.

பதிவை நகலெடுக்க உட்கார்ந்தேன். மின்சாரம் போய்விட்டது.

ஜூன் 11, புதன்

பிரெய்ல் சட்டத்தில் குத்துகிறேன். இதற்கு மின்சாரமும் வேண்டாம், எழுப்பிவிட யாரும் வேண்டாம்.

நேற்று நான் வரவில்லை. சளி. எங்கள் மேலாளர் ஹாமுசோண்டே ஏதோ விளம்பரம் தேடி என் கணினியில் உட்கார்ந்திருக்கிறார். விண்டோஸில். நாடகப் பதிவெல்லாம் இருக்கும் என் வெளிவட்டைச் சொருகியிருக்கிறார். அது லினக்ஸுக்கென்று அமைத்த வட்டு, விண்டோஸுக்குப் புரியாது. புரியாவிட்டால் சும்மா இருக்கலாம் அல்லவா? "இதைப் பயன்படுத்த முதலில் அழித்து அமைக்க வேண்டும், செய்யட்டுமா?" என்று கேட்கும்.

"ஏதோ கேட்டுச்சு. ஆமான்னு போட்டேன்" என்றார்.

"படிச்சீங்களா சார்?"

"எல்லாத்தையும் படிச்சிக்கிட்டு இருந்தா வேலை நடக்குமா?"

கண் இருக்கிறது. இரண்டு இருக்கிறது. என்னத்துக்கு?

பழைய பாகங்களின் நகல் இருக்கிறது. கடைசிப் பாகம் முழுக்கப் போயிற்று.

அதோடு விட்டாரா? "ஒரு மெஷின்ல ரெண்டு சிஸ்டம் வெச்சுக் குழப்புனது நீ. லிவிங்ஸ்டனிலிருந்து திங்கக்கிழமை இன்ஜினியர் வர்றார். அந்த ரெண்டாவதை எடுத்துடுவார். எடிட்டிங்கை நாமூங்கா பாக்கட்டும். நீ வரவேற்புல போன் எடு. உன் குரல் நல்லாத்தானே இருக்கு?"

நாடகம் எழுதுகிறவள் நான். போன் எடுக்கணுமாம்.

இரவு மவீம்பாவிடம் சொன்னேன். கட்டிக்கொண்டவர் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லக்கூடாதா?

"விட்டுடேன் முத்திந்தா. போன் வேலைல தலைவலி இல்ல."

"உங்க தச்சுப் பட்டறையை எடுத்துட்டு, வாசல்ல உக்காந்து சலாம் போடச் சொன்னா போடுவீங்களா?"

புளித்த மபிசிப் பாலை உறிஞ்சிக் குடித்தார்.

ஜூன் 12, வியாழன்

அழிந்தது மேலோட்டமாகத்தான்! வட்டின் அட்டவணை போயிருக்கிறது, உள்ளே ஒலி அப்படியே கிடக்கிறது. தோண்டி எடுக்கும் கருவி லினக்ஸில் இருக்கிறது. எழுத்தாலேயே ஓடுவது; முனகலன் வரிக்கு வரி படிக்கிறான். படம் இல்லை, பெயரில்லாப் பட்டன் இல்லை. வாழ்க நீ, மூக்கா.

ஆனால் வெளியே வருவதெல்லாம் துண்டுகள். ஒன்றுக்கும் பெயர் கிடையாது, தேதி கிடையாது. எல்லாம் வெறும் எண்.

ஜூன் 14, சனி

கேட்கிறேன், கேட்கிறேன், கேட்கிறேன். கோழி. பஸ் ஹார்ன். யாரோ "இது எந்தப் பக்கம்?" என்கிறார்கள். மழை. அது போன வருஷ மழை. நாமூங்கா சிரிப்பு. சந்தை இரைச்சல். மினிபஸ் கதவு சாத்தும் சத்தம் மட்டும் பதினைந்து விதம். எவள் பதிவு செய்தாள் இத்தனை கதவு? நான்தான்.

மவீம்பா தானாக நிலையத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ ஒவ்வொண்ணா சொல்லு, நான் பேர் போடறேன்." நான் "மனைவி, கிணற்றடி" என்றால் தட்டுகிறார். தப்புத்தப்பாகத் தட்டுகிறார். மூக்கன் அதைப் படிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு.

ஜூன் 15, ஞாயிறு

எல்லாம் கிடைத்துவிட்டது. சோங்கோவின் மன்னிப்பைத் தவிர.

வட்டில் அந்த இடத்தில் வேறு எதுவோ எழுதப்பட்டுவிட்டது. மிஞ்சியது அதற்கு முந்தைய ஒரு துண்டு: வாசலில் செருப்புச் சத்தம், அவன் தொண்டையைச் செருமுவது. அவ்வளவுதான். பேச்சு ஆரம்பிக்கும் முன்பே அறுந்துவிடுகிறது.

சோங்கோவைப் போனில் பிடித்தேன். நமீபிய எல்லை தாண்டி, கடிமா முலிலோவுக்கு அப்பால் எங்கோ இருந்தான். "சொல்லுங்கக்கா, இப்பவே பேசறேன்" என்று லாரியை ஓரம் கட்டிப் பேசினான், பாவம். டிரம்முக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. பயன்படாது.

அழுதேன். ஆமாம், அழுதேன். நாடகத்துக்காகவா, வேலைக்காகவா? தெரியாது.

ஜூன் 16, திங்கள்

இன்ஜினியர் வரவில்லையாம். மொன்ஸே பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. வெள்ளி வருகிறார்.

செருமலை வைத்தே முடித்துவிட்டேன். செருப்புச் சத்தம். செருமல். பிறகு ஒன்றுமில்லை. கோழிகள் மட்டும், நீளமாக. பிறகு அவன் மனைவி, "கால் கழுவிட்டு உள்ள வா." முடிந்தது. வேறு வழி இல்லாததால் செய்தது. எனக்குத் திருப்தி இல்லை.

ஜூன் 18, புதன்

ஒலிபரப்பானது. நிலையத்துப் போன் ஓயவில்லை. வரவேற்பில் என்னை உட்காரவைத்திருந்ததால் நானே எடுத்தேன்.

பட்டோகாவிலிருந்து ஒரு அம்மா: "அந்தக் கண்டக்டர் பேசவே இல்லியே, அதான்மா எனக்கு அழுகையே வந்துடுச்சு. எழுதுனது யாரு?"

"நான்தாங்க."

"நீ ஏம்மா போன் எடுக்கிறே?"

"அதை மேலாளரைக் கேளுங்க" என்று இணைப்பைக் கொடுத்துவிட்டேன். அடுத்தவருக்கும் அப்படியே. அதற்கடுத்தவருக்கும். மத்தியானம்வரை ஹாமுசோண்டே அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எல்லோரும் அந்த மௌனத்தைத்தான் புகழ்கிறார்கள். அந்த மனிதர் அழித்ததை! சோங்கோ பேசியதைக் கேட்டிருந்தால் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 20, வெள்ளி

இன்ஜினியர் வந்தார். டீ குடித்தார். ஒலிபரப்பு அறையில் ஒலிவாங்கி மேசையைச் சரிசெய்துவிட்டுப் போனார். என் பக்கம் வரவே இல்லை. எனக்கு யாரும் எதுவும் சொல்லவும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

வரவேற்புக்குப் போகாமல் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஹாமுசோண்டே வந்து நின்றார்.

"அடுத்த நாடகம் எப்போ?"

"போன் யார் எடுப்பாங்க சார்?"

"அதை நான் பாத்துக்கறேன்." போகத் திரும்பினார். பிறகு என் மேசையில் ஏதோ செய்தார். பசைநாடா கிழியும் சத்தம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? மூச்.

அவர் போனதும் திரையின் விளிம்பைத் தடவினேன். ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

"நாமூங்கா, என்னடி இது? நிறம் சொல்லாதே. படி."

அவள் எழுந்து வந்தாள். "சார் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு... 'இதில் எது கேட்டாலும் முத்திந்தாவைக் கேட்காமல் ஆமாம் என்று அழுத்தக் கூடாது.' கீழ கையெழுத்துப் போட்டிருக்கார். ஆமாம்ங்கறதுக்கு அடில ரெண்டு கோடு."

காகிதம் கோணலாக ஒட்டியிருக்கிறது. தொட்டாலே தெரிகிறது. நேராக்கவில்லை.