றெ நெசான்ஸ்

12-7-2004, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஆபீஸ் ஃபேன் ஓடவில்லை. சென்னையிலிருந்து புது மேனேஜர். முப்பது வயதுகூட இருக்காது, டைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. நாங்கள் இருப்பது தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்பு கம்பெனி, அதற்கு "ரினைசன்ஸ்" திட்டமாம். "சூப்பர் இங்கிலீஷ் வேர்டு சார். கம்பெனியையே புதுசாக்கறோம். தமிழ்ல நோட்டீஸ் போடுங்க."

இங்கிலீஷாம்! பிரெஞ்சிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு போன சொல். றெ என்றால் மறுபடி, நெசான்ஸ் என்றால் பிறப்பு. பாண்டிச்சேரிக்காரனுக்கு இவன் பாடம் எடுக்கிறான். மண்டு.

வாங்க: தைலம், டைப்ரைட்டர் ரிப்பன்.

13, செவ்வாய்
"மறுமலர்ச்சி" என்று எழுதிக் காட்டினேன். கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கிறதாம். அந்தச் சொல்லையே போடச் சொன்னான். போட்டேன், முறையான உச்சரிப்பில்: றெ நெசான்ஸ். தப்பாக எழுத எனக்குக் கை வராது.

14, புதன்
மழை. வாசலில் கூட்டம். பேக்கிங் கன்னியம்மா முந்தானைக்குள் ஒரு காகிதத்தை நனையாமல் பிடித்திருந்தாள்.

"இன்னா சார், மறுபடியும் நெசான்ஸ் குடுக்கணும்னு போர்டுல போட்ருக்கீங்க?"

பிறப்புச் சான்றிதழை அவர்கள் வீட்டில் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். வந்தவர்கள் கையில் எல்லாம் பிரெஞ்சுக்காரன் காலத்துக் காகிதம். இளவட்டங்கள் ஒருவரும் கொண்டுவரவில்லை, அவர்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது. படிக்காத ஜனம்! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அவர்களுக்கு அர்த்தம் சொல்லிவிட்டு, மேனேஜரிடமும் விளக்கினேன். அவனும் சிரித்தான். "பரவால்ல, வாங்கி வைங்க சார்."

15, வியாழன்
முதுகு வலி. காகிதங்களை அடுக்கிக் கொடுத்தேன். அவன் பிறந்த வருஷங்களை மட்டும் பார்க்கிறான். எதற்கு என்று கேட்கவில்லை.

16, வெள்ளி
புது மெஷின் வருகிறதாம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிறந்தவர்கள், ஐம்பது தாண்டியவர்கள் அத்தனை பேரும் திங்கள் முதல் வர வேண்டாம்.

கன்னியம்மா அழவில்லை. "மறுபடி பொறக்கறதுன்னு தானே சார் அர்த்தம் சொன்னீங்க? அதுல நாங்க இல்லியா?"

வெட்கக்கேடு. எழுதி ஒட்டியவன் நான்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டான். பக்கத்தில் நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, மிகவும் மரியாதையாக.

"சார், உங்க நெசான்ஸ் மட்டும் இன்னும் வரலியே?"

உச்சரிப்பு சரியாகத்தான் இருந்தது.