ஆனா ஞானம்மாவும் ஆவன்னா ஞானம்மாவும்

அக்கா,

போன புதன்கிழமை போதகர் ஐயா என்னிடம் ஒரு காகிதம் கொடுத்தார். இந்த ஆண்டு சபையில் இறந்தவர்களின் பெயர்கள். ஞாயிறு ஆராதனையில் வாசிப்பதற்கு டைப் அடித்துத் தரச் சொன்னார். வேலை முடிந்து சாயங்காலம் ஆலயத்து அறையில் இருக்கும் தமிழ் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். நான்காவது பெயர் உங்களுடையது. 'ஆ' என்ற எழுத்தை அழுத்தினேன். ரிப்பன் புதிது. மை நெடியோடு எழுத்து தாளில் கொழுத்து நின்றது. அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியை வைக்க எனக்குக் கை வரவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் ஒழுங்காக ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. பாதி சொல்லும்போதே நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

வடக்குத்து கிராமத்திலிருந்து மைன்ஸ் டவுன்ஷிப்பின் செடி நர்சரி வேலைக்கு காண்ட்ராக்ட்டில் வந்த பெண்களில் இரண்டு ஞானம்மாக்கள். ஒருவர் அருளப்பன் மனைவி. நீங்கள் ஆசீர்வாதம் மனைவி. மேஸ்திரி பேர் கூப்பிடும்போது குழப்பம் வரக்கூடாதென்று, கணவர் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்து அவரை ஆனா ஞானம்மா என்றும் உங்களை ஆவன்னா ஞானம்மா என்றும் கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடம் போகாத நீங்கள் அந்த ஒரு எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டீர்கள். "என் எழுத்துக்கு வாலு இருக்குது, அவளுதுக்கு இல்ல. வாலுத்தனம் பூரா அவகிட்டதான்" என்று நீங்கள் சொன்னால் நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருக்கும் எல்லாரும் சிரிப்பார்கள், ஆனா ஞானம்மாவைத் தவிர. அவர் தாமதமாக வருவார். வந்தாலும் நிழல் தேடுவார். உங்களிடம் அவர் சண்டை போடாத வாரம் இல்லை. நாங்கள் குடியிருக்கும் பிளாக்கில் இப்போது சாலையை மூடி நிற்கும் மரங்களில் பாதி நீங்கள் வைத்தவை. அவர் வைத்தது எது என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா மைன்ஸில் ஷிப்டு வேலையில் இருந்தார். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் முடித்துவிட்டு, அங்கேயே வெளியார் கொண்டுவரும் மனுக்களை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் சங்கச் செயலாளர் பழனிவேல் ஒரு நாள் ஒரு கையெழுத்துப் பட்டியலோடு வந்தார். பெர்மனன்ட் ஆக்கச் சொல்லி மேலே கொடுக்க வேண்டிய பெயர்கள். தமிழில் எழுதியிருந்ததை நான் இங்கிலீஷில் அடித்துத் தர வேண்டும். பெயரும் ஊரும் மட்டும்தான். வரிசை எண்கூட இல்லை, எண் போடுவது என் வேலை.

அடித்து முடித்து, தாளைக் கையில் எடுத்து ஒருமுறை படித்தேன். ஏ. ஞானம்மாள், வடக்குத்து. அடுத்த வரியிலும் ஏ. ஞானம்மாள், வடக்குத்து. ஒரே வரியை இரண்டு தடவை அடித்துவிட்டேன் என்று நினைத்தேன். தமிழில் ஆனாவும் ஆவன்னாவும் வேறு வேறு. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. மூலத்தை எடுத்து ஒப்பிட்டிருந்தால் போதும். நான் ஒப்பிடவில்லை. பிழையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் ஒரு வரியை எடுத்துவிட்டுப் புதுத் தாளில் முழுவதையும் அடித்தேன். இன்ஸ்டிட்யூட் மாஸ்டர்கூட "நீட்டா இருக்கு" என்றார்.

பத்து நாள் கழித்து நீங்களும் பழனிவேலும் வந்தீர்கள். பட்டியலில் ஒரே ஒரு ஞானம்மா இருப்பதாகத் தெரிந்துவிட்டது. "நான் ரெண்டு பேரையும் எழுதுனேனேம்மா" என்றார் அவர், வாசலில் சைக்கிளைப் பிடித்தபடியே. நீங்கள் உள்ளே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்தீர்கள். நான் கோப்பைத் திறந்தேன். அந்தக் கையெழுத்துத் தாள் மேலேயே இருந்தது. அ. ஞானம்மாள். ஆ. ஞானம்மாள். உள் அறையில் மாஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"நீங்க கொடுத்ததுல ஒண்ணுதாங்க இருந்துச்சு" என்றேன்.

திரும்பினால், டம்ளரை வாயில் வைத்தபடி நீங்கள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உலகத்தில் உங்களுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அதில் இருந்தது. நீங்கள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று அறியாமல் மூன்று மாதம் சுற்றினேன்.

அந்த மூன்று மாதத்தில் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் காதில் விழுந்தது. மேலே போய்விட்ட பட்டியலைத் திருத்துவதானால் முழுவதையும் திரும்ப வாங்க வேண்டும். தங்கள் வேலையும் தள்ளிப்போய்விடும் என்று மற்றவர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. இருக்கும் அந்த ஒரு ஞானம்மா எந்த ஞானம்மா என்று காகிதம் சொல்லவில்லை. பதினோரு வருஷம் வேலை செய்த நீங்கள் போய் நிற்பதுதான் நியாயம், ஆனா ஞானம்மா வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் போகவில்லை. அவரை அனுப்பினீர்கள். "எனக்கு இது இல்லன்னா அடுத்த லிஸ்ட்டு. அவள அடுத்த லிஸ்ட்டுல எவன் சேப்பான்? யாரு யோக்கியம்னு பாக்க ஆரம்பிச்சா அவ நிக்கவே மாட்டா" என்று சொன்னீர்களாம்.

பழனிவேலுக்குத்தான் பெயர் கெட்டது. ஆனா ஞானம்மாவிடம் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டு உங்கள் பெயரை எழுதாமல் விட்டுவிட்டார் என்றார்கள். அவன் எழுதினான், நான் என் கண்ணால் பார்த்தேன் என்று நீங்கள் சொன்னதற்கு, உனக்கு எங்கே படிக்கத் தெரியும் என்று சிரித்தார்களாம். எழுதியதை விட்டது யார் என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை. பழனிவேல் சங்கத்தை விட்டு, பிறகு நர்சரி வேலையையும் விட்டுப் போனார். அடுத்த லிஸ்ட் வரவே இல்லை.

மூன்றாம் மாதம், எங்கள் பிளாக்கில் நீங்கள் செடிகளின் இலையில் படிந்த கரித்தூசியைக் குழாய்த் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றேன். மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். நீங்கள் குழாயைக்கூடக் கீழே போடவில்லை.

"அத அன்னிக்கே வுட்டுட்டேன். வெயில்ல நிக்காத, போ."

அவ்வளவுதான். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்குக் கோபம் வந்தது. திட்டுவீர்கள், அழுவீர்கள், ஒரு அறையாவது விடுவீர்கள் என்று தயாராகி வந்தவளை வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள். மூன்று மாதம் நான் பட்ட பாட்டுக்கு எந்த மதிப்பும் இல்லாமல் போய்விட்டது. நான் வருவதற்கு முன்பே, நான் கேட்பதற்கு முன்பே முடித்துவிட்டிருந்தீர்கள். எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

ஆகவே நானாக உண்டாக்கிக்கொண்டேன். உங்கள் தெருவுக்கே இலவசமாக மனு அடித்துக் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்குச் சேலை கொண்டுவந்தேன். நீங்கள் சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். "சும்மா குடுத்தியானா கட்டிக்கிறேன். அதுக்குன்னு குடுத்தியானா எடுத்துக்கினு போயிடு." நான் வெறும் பையைக் கையில் சுருட்டினேன். சேலையை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டீர்கள். அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

சபையில் வேதபாடம் படிக்கும் திடப்படுத்தல் வகுப்பில் எனக்குத்தான் முதல் பரிசு. மனுஷன் எதனால் நீதிமான் ஆகிறான் என்ற கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். கிரியைகளினால் இல்லை, கிருபையினால், விசுவாசத்தினால், விலையில்லாமல். ஒரு பிழைகூட இல்லை. போதகர் ஐயா அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அதை எழுதிய கைதான் அந்தச் சேலையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. நீங்களோ பிரசங்கத்தின்போது தூணில் சாய்ந்து தூங்குவீர்கள். ஆமென் சொல்லும் நேரத்துக்குச் சரியாக விழித்துக்கொள்வீர்கள்.

புத்தகங்களில் தேடினேன். கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். மன்னிப்பு அநியாயம் என்றே ஒரு காலத்தில் முடிவு கட்டினேன். தப்புச் செய்தவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெர்மனன்ட் ஆகவேண்டியவர் கடைசிவரை காண்ட்ராக்ட்டாகவே ஷிப்டு சங்குக்கு முன்னால் எழுந்து நடந்து வந்தார். இதில் நியாயம் எங்கே இருக்கிறது? பிறகு மெல்லப் புரிந்தது. விலையில்லாமல் கிடைத்தது எனக்குத்தான். உங்களுக்கு அது விலையில்லாமல் வரவில்லை. அந்தச் சாதாரணமான ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நீங்கள் ஒவ்வொரு நாள் காலையும் நடந்துகொண்டிருந்தீர்கள். புரிந்தபோதும் அமைதி வரவில்லை. முன்பைவிட அதிகமாகவே அரித்தது.

என்னை எப்போதும் டைப்பு என்றே கூப்பிடும் நீங்கள் ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பீர்கள், வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில்.

"பழனிவேலுகிட்ட சொன்னியா?"

ஒவ்வொரு தடவையும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அவர் இப்போது மறந்திருப்பார் என்பேன். மாஸ்டர் வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்பேன். மாஸ்டர் ஊரை விட்டுப் போன பிறகு, அப்பாவுக்குத் தெரிந்தால் மனசு உடைந்துவிடும் என்றேன். எனக்கு அப்போது சின்ன வயசு என்றும் ஒரு தடவை சொன்னேன். போன பொங்கலுக்கு முன்னால், உடம்பு முடியாமல் நீங்கள் வீட்டோடு இருந்தபோது கடைசியாகக் கேட்டீர்கள். நான் எதையோ தொடங்கினேன். நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். வலியால் என்று முதலில் நினைத்தேன்.

"காரணம் சொல்லிக்கினு இருக்கிற வரைக்கும் ஒனக்கு மன்னிப்பே தேவப்படல, டைப்பு. நீயேதான் ஒன்ன காப்பாத்திக்கிறியே."

அன்று வீடு திரும்பும்போது உங்கள்மேல் எனக்கு மறுபடியும் கோபம். மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்துக்கு ஆனா ஞானம்மா, பெர்மனன்ட் ஆனவர்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் போகவில்லை. பழனிவேலிடமும் போகவில்லை. இனிமேல் கேட்க ஆளில்லை என்று உள்ளே ஏதோ ஒன்று நிம்மதிப்பட்டது. அந்த நிம்மதியைக் கண்டு நான் பயந்துபோனேன்.

புதன்கிழமை அந்தப் புள்ளியை ஒருவழியாக வைத்தேன். வியாழனும் வெள்ளியும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று சனிக்கிழமை மத்தியானம் மந்தாரக்குப்பம் போனேன். பழனிவேல் அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தலை நரைத்துவிட்டது. ஒரு டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். பட்டியலில் இரண்டு பெயரும் இருந்தன, நான்தான் ஒன்றை எடுத்தேன், பிறகு பொய் சொன்னேன் என்றேன்.

அவர் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

வாயைத் திறந்தேன். எல்லாக் காரணமும் எனக்குத் தெரியும். ஐந்து வருஷமாக அடுக்கி வைத்தவை. ஒன்றும் வரவில்லை. "பயந்துட்டேங்க. பொய் சொன்னேன்" என்றேன்.

"திருடன்னு சொன்னாங்கம்மா என்ன. எம் பொண்டாட்டியே ஒரு நாளு கேட்டா, வாங்குனியான்னு."

திங்கட்கிழமை நர்சரிக்குப் போய் எல்லார் முன்னாலும் சொல்வதாகச் சொன்னேன். அவர் டியூபைத் துடைத்தார். ஓட்டை இருந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"சொல்லு. அதுக்காக எங்கிட்ட எதுவும் எதிர்பாக்காத. எனக்கு மனசு வரல."

"எதிர்பாக்கலீங்க" என்றேன். அது பொய்யில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் மன்னிக்கவில்லை, அக்கா. மன்னிக்காமலே போகவும் கூடும், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அப்படியிருந்தும் நான் அங்கே நின்றேன். ஓடவும் இல்லை, என்னைப் பற்றி நல்லவிதமாக ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்லை. அன்று வகுப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதியது என்னவென்று அந்தக் கடை வாசலில்தான் கொஞ்சம் தெரிந்தது. நாளை இது மறந்துபோய் மறுபடியும் காரணம் தேடுவேனோ என்னவோ. என்னை எனக்குத் தெரியும்.

இன்று ஞாயிறு. ஆராதனையில் உங்கள் பெயரை வாசித்தார்கள். நாளை காலை நர்சரிக்குப் போக வேண்டும். புதுப் பெண்களும் பழைய பெண்களுமாக நாற்பது பேர் இருப்பார்கள். சிரிப்பார்களா, வைவார்களா, அப்பா காதுக்கு எத்தனை மணிக்குள் எட்டும், ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் அன்றைக்கே விட்டுவிட்டீர்கள் என்பது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். வேறு எதுவும் என் கையில் இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் போகப் போகிறேன்.