கோழிக்காலைத் தின்றது நீ இல்லை, மச்சான்

அன்பு மச்சான் நவம்,

நீ இருக்கிற இடத்தில் காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே இல்லை. ஈஸ்ட் ஹாமில் உன் வீட்டுச் சின்ன அறைக்குள் அடைபட்டு இருக்கிறேன். மடியில் துவாய்க்குள் சுருண்டு கிடக்கிறான் உன் ஃபெரட். எனக்குக் கால் விறைத்துவிட்டது. அசைந்தால் எழும்பிவிடுவான். எழும்பினால் சாப்பாட்டுச் சண்டை திரும்பத் தொடங்கும். அதனால் அசையாமல் இருந்து உனக்கு எழுதுகிறேன்.

உன் மகள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவுப் புத்தகம் அடிக்கிறாள். "மாமா, அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ, நல்லதா எழுதுங்கோ" என்று பேப்பரும் பேனையும் தந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நல்லதாக எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். நீ பண்பாளன், பொறுமைசாலி, பெற்றோல் ஸ்டேஷனில் ஒரு நாளும் முகம் சுளிக்காமல் வேலை செய்தவன் என்றெல்லாம் எழுதுவார்கள். நீ சீட்டு விளையாட்டில் செய்த களவுகளை யார் எழுதுவது? நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தினவன். பிழை இருந்தால் நீ அங்கேயிருந்து சிரி.

ஃபெரட் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் இந்தப் புத்தகத்தை வாசிப்பார்கள். கீரியைப் பிடித்து இழுத்து நீட்டி, கொஞ்சம் வெள்ளைக்காரனாக்கினால் அதுதான் ஃபெரட். பக்கத்து வீட்டுக் கிழவியை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனபோது, அங்கே பிராணிகளை விடமாட்டார்கள் என்று அவள் வாசலில் நின்று அழுதாள். நீ கூட்டோடு தூக்கிக்கொண்டு வந்தாய். உன் பெண்சாதி, என் தங்கச்சி பரிமளம், மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஒண்டில் இது, இல்லாட்டி நான்" என்றாள். நீ யோசித்துச் சொல்கிறேன் என்றாயாம். அந்தப் பதிலுக்காக எத்தனை நாள் சோறு கிடைக்காமல் திரிந்தாய் என்பது எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய குற்றம், அவனுக்கு நீ வைத்த பெயர். கிழவி வைத்த பெயர் வாயில் நுழையவில்லை என்று சொல்லி, தம்பிராசா என்று என் பெயரை வைத்தாய். உன் வீட்டுக்கு நான் வந்தபோதெல்லாம், "தம்பிராசா, கட்டிலில மூத்திரம் பெய்யாதை" என்று உள்ளே சத்தம் கேட்கும். வந்திருக்கிற சனம் என்னைத் திரும்பிப் பார்க்கும். நீ போன பிறகாவது பெயரை மாற்றலாம் என்று பார்த்தேன். அவன் வேறு பெயருக்குக் காதைக்கூட அசைக்கிறான் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் நாளில் உன் எட்டுச் செலவு நடந்தது. நீ போன நாளிலிருந்து வீட்டில் மரக்கறிதான். ஆனால் எட்டுக்கு மட்டும் போனவருக்குப் பிடித்த மீனும் இறைச்சியுமாக மச்சம் சமைத்துப் படைக்க வேண்டும் அல்லவா? பரிமளம் அழுது அழுது சமைத்தாள். உறைப்பாகக் கோழிக்கறி, மீன் பொரியல், புட்டு, அவித்த முட்டை. ஓரத்தில் ஒரு சின்னக் கிளாஸில் உன் விஸ்கி. கறிக்குள் ஒரு முழுக் கால் தேடி எடுத்து உன் இலையில் வைத்தாள். கால் இல்லாவிட்டால் நீ சாப்பாட்டை விட்டு எழும்புகிறவன் என்று எல்லாருக்கும் தெரியும்.

உன் படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் வைத்து, நீ வந்து ஆறுதலாகச் சாப்பிடுவதற்காக ஹோலின் கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் எல்லாரும் குசினியிலும் நடையிலும் நெருக்கிக்கொண்டு நின்றோம். நான் கதவோரம். உள்ளே இருந்து ஒரு சத்தம் கேட்டது, மச்சான். கோழி கேருகிற மாதிரி, மெதுவாக, சந்தோஷமாக. உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரிந்த சத்தம். மடியில் ஏறுகிறபோது அவன் போடுகிற சத்தம்.

கதவைத் திறந்தபோது இலையில் கோழிக்காலைக் காணவில்லை. குழம்பு பாதி நக்கப்பட்டிருந்தது. சோபாவுக்குக் கீழே ஒரு வால் நுனி போய் மறைந்ததை நான் கண்டேன். பரிமளம் அதைப் பார்க்கவில்லை. அவள் இலையை மட்டும்தான் பார்த்தாள்.

"அண்ணை, வந்திட்டார். பாருங்கோ, காலைக் காணேல்லை. வந்து சாப்பிட்டிட்டுப் போயிருக்கிறார்."

நீ போனதிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் காணவில்லை. சனம் கையெடுத்துக் கும்பிட்டது. ஒரு மனுசி விம்மினாள். நான் என்ன சொல்ல முடியும்? கிளாஸில் விஸ்கி வைத்த அளவிலேயே நின்றது. நீ வந்திருந்தால் முதலில் எது காலியாகும் என்று எனக்குத் தெரியாதா? என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல பகிடி ஒன்று என் வாய்க்குள் வந்து, அதை நான் விழுங்கியது அந்த ஒரு முறைதான்.

அன்றிலிருந்து இரண்டு பக்கமும் கதவு சாத்தின மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நாள் காலையில் அவன் பிஸ்கட்டைத் தொடவில்லை. அந்த இறைச்சி பிஸ்கட்டைப் பரிமளம் மச்சமாகக் கணக்கெடுப்பதில்லை, பார்க்க அப்படி இல்லையாம். அவன் வாயைக் கையால் தேய்த்துக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் போய்ப் படுத்தான். வந்த சனம் எல்லாம், "பாவம், அவரைத் தேடுது" என்றது. பரிமளம் அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, "நீயும் என்னை விட்டிட்டுப் போகப்போறியோ" என்று கேட்டாள். தன் சாப்பாட்டுக் கோப்பையையும் தள்ளி வைத்தாள். "அது திண்டால் நானும் தின்னுறன்" என்றாள்.

உண்மையைச் சொன்னால் நீ வந்து சாப்பிட்டது பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் அவன் செத்துப்போவான், அவனோடு இவளும் படுத்துவிடுவாள். குசினிக்குள் போனால் அவள், ஹோலுக்குள் போனால் உன் படம், சின்ன அறைக்குள் வந்தால் இவன். எந்தப் பக்கம் போனாலும் ஒருவர் என் முகத்தைப் பார்க்கிறார். வெளியில் போக வழி இல்லை. லிப்ட் வேறு பழுது. என் முழங்காலை வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கலாம், பிறகு ஏறுவது யார்?

சீட்டு விளையாடுகிற ரத்தினம் போன் எடுத்தான்.

"என்ன தம்பிராசா, பிள்ளைப்பெத்தவள் மாதிரி வீட்டுக்குள்ளை கிடக்கிறாய்?"

"ஓமடா, கீரிக்குத் தாதி வேலை பாக்கிறன்."

"சம்பளம் எவ்வளவு?"

"கடி."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அறை இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

பின்னேரமும் உன் ஃபெரட் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தூக்கினால் ஈரச் சீலை மாதிரித் தொங்கினான். நான் மகளை வரச் சொன்னேன். முழங்காலைத் திட்டிக்கொண்டு படியிறங்கி, காரில் மிருக டொக்டரிடம் கொண்டுபோனோம். பரிமளம் சாவுத் துடக்கோடு வெளியே வரமாட்டாள் என்று நம்பியிருந்தேன். டொக்டரிடம் தனியாக உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். அவள் வெள்ளைச் சீலையோடு, கைப்பையையும் எடுத்துக்கொண்டு காரின் பின் சீட்டில் ஏறி இருந்தாள்.

அங்கே வேலை செய்கிற ஒரு பெட்டை வெளியில் வந்து, "தம்பிராசா" என்று கூப்பிட்டாள். நான் எழும்பினேன். உள்ளே டொக்டர் ஒரு இளம் பெண். தம்பிராசா கடைசியாக எப்போது வெளிக்குப் போனான், எந்த நிறத்தில் போனான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னாள். நீ அங்கே இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

பிறகு டொக்டர் சிரிப்பில்லாமல் கேட்டாள். வழக்கமில்லாத எதையாவது தின்றானா? சமைத்த எலும்பு ஏதாவது விழுங்கினானா? எலும்பு குடலில் சிக்கியிருந்தால் உடனே வெட்ட வேண்டும். இவன் இருக்கிற நிலையில் மயக்க மருந்தைத் தாங்குவானா என்று சொல்ல முடியாது. அதனால் சரியாகத் தெரிய வேண்டும்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை, மச்சான். முன்னால் டொக்டர், பக்கத்தில் உன் மகள், பின்னால் கதவோரம் பரிமளம். மேசையில் அவன் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வாயைத் திறந்தேன். "பிள்ளை, அது வந்து..." என்று இழுத்தேன்.

பின்னால் கைப்பையின் சிப் இழுபடுகிற சத்தம் கேட்டது. பரிமளம் முன்னால் வந்து, டிஷ்யூவில் சுற்றின ஒன்றை மேசையில் வைத்து விரித்தாள். கோழிக்கால் எலும்பு. முழுசாக, உடையாமல், பல் அடையாளத்தோடு.

"அவரின்ரை செருப்புக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தது" என்றாள். "எலும்பை விழுங்கேல்லை எண்டு டொக்டரிட்டைச் சொல்லு பிள்ளை. இறைச்சியும் உறைப்புக் குழம்பும்தான் உள்ளுக்குப் போனது."

நான் அவளைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமோ?"

"கிளாஸைப் பாத்தே தெரியும் அண்ணை. அவர் வந்திருந்தால் அதை விட்டிட்டே போயிருப்பார்?"

"அப்ப ஏன் வந்திட்டார் எண்டு சொன்னனி?"

அவள் எலும்பைத் திரும்பச் சுற்றினாள். "கதவு சாத்த முதல் நான்தான் கூட்டைத் திறந்து விட்டனான். அவர் தனிய இருந்து சாப்பிடமாட்டாரெல்லோ. மடியில இவன் இருக்கோணும். இவன் திண்டால் அவரும் பக்கத்தில இருந்தவர் எண்டுதான் நினைச்சன். நீங்கள் அதைக் கெடுத்துப்போடுவியள் எண்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தன். நீங்களும் பொத்திக்கொண்டிருந்தியளோ?"

மகள் மொழிபெயர்க்க மறந்து அழுதுகொண்டு நின்றாள். டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் டிஷ்யூப் பெட்டியை எங்கள் பக்கம் தள்ளி வைத்தாள்.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே எதுவும் சிக்கவில்லை. உறைப்பும் எண்ணெயும் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டனவாம். மருந்தும், கூழ் மாதிரி அரைத்துத் தகர ரின்னில் அடைத்த இறைச்சியும் தந்தாள். ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டு நாள் முழுக்க ஊட்ட வேண்டும். தானாகத் தின்னத் தொடங்கினால்தான் பிழைப்பான் என்றாள்.

இறைச்சி ரின் குசினிக்குள் வரக்கூடாது என்று பரிமளம் சொல்லிவிட்டாள். எட்டு முடிந்தது, அந்தியேட்டி வரைக்கும் மரக்கறிதான். ஆகவே ரின்னும் நானும் அவனும் சின்ன அறைக்குள். கதவு சாத்தினபடி, ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்தபடி. சோறும் கறியும் வாசலில் வைத்துவிட்டுத் தட்டுவாள். ஜெயிலில்கூட ஆள் முகம் காட்டுவான். துவாயால் சுற்றி, கடைவாயில் சிரிஞ்சை வைத்துத் தள்ளினால் அவன் பாதியை என் கண்ணாடியில் துப்புகிறான். என்னைப் பார்க்கிற பார்வையில், இவன் என் ஆள் இல்லை என்கிற எண்ணம் அப்படியே தெரிகிறது. நீ எப்படி ஊட்டினாய்? என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே. சீட்டில் எந்தத் துருப்பை எங்கே ஒளிக்கலாம் என்றெல்லாம் சொல்லித் தந்தாய், இதைச் சொல்லித் தரவில்லை.

இன்று காலையில் கதவு தட்டாமல் திறந்தது. பரிமளம் உள்ளே வந்தாள். உன் பெற்றோல் ஸ்டேஷன் ஜக்கெற்றைச் சீலைக்கு மேல் போட்டிருந்தாள். கட்டிலில் இருந்து கையை நீட்டினாள்.

"அவனைத் தாங்கோ."

"மச்ச மணம் அடிக்கும்."

"எனக்கு மூக்கு இருக்கு அண்ணை. தாங்கோ."

அவன் ஜக்கெற்றின் கைக்குள் தலையை விட்டு மணந்து பார்த்தான். அவள் ரின்னுக்குள் சுட்டுவிரலை விட்டாள். நீ போன பிறகு மச்சத்தை ஒரே ஒருமுறை, உனக்குப் படைக்க மட்டும் தொட்ட விரல். அதை அவன் மூக்கடியில் பிடித்தாள். கன நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நக்கு. பிறகு இன்னொன்று. விரலை நக்கித் துடைத்துவிட்டுப் பிறகும் கொஞ்சம்.

"இப்பிடித்தான் அவர் ஊட்டுறவர்" என்றாள். "நான் காணேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு."

அவ்வளவுதான் தின்றான், மச்சான். அதிகமில்லை. பின்னேரம் திரும்பத் தின்பானோ, துப்புவானோ, தெரியாது. அவனை என் மடியில் போட்டுவிட்டு அவள் குளிக்கப் போனாள். குளித்துவிட்டுக் கோப்பையோடு வந்து வாசலில் இருந்து சோறு தின்றாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் நான் எழும்ப ஏலாது, அவன் என் கைக்குள் மூக்கை வைத்துப் படுத்திருக்கிறான். இந்தப் பெயருக்கு இரண்டு பேர் இருப்பதில் இப்போது எனக்கு ஆட்சேபனை இல்லை. ஒன்று குறையாமல் இருந்தால் போதும்.

ஒரு சொல் தருகிறேன். அந்தியேட்டி முடிந்து இந்த வீட்டில் முதன்முதலாகக் கோழி காய்ச்சுகிற அன்றைக்கு, உனக்கு ஒரு தட்டில் உறைப்பாக ஒரு கால் வைப்பேன். பக்கத்தில் அவனுக்கு, எலும்பெடுத்து, உறைப்பில்லாமல் ஒரு தட்டு. கிளாஸை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இந்த முறை கதவைச் சாத்தமாட்டோம்.

இப்படிக்கு,
உன் பெண்சாதியின் தமையன்,
உன் ஃபெரட்டின் பேர்க்காரன்,
மச்சான் தம்பிராசா