மனுவில் எழுத வராத வரி

இதை யார் எடுத்தாலும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் காட்டிவிடாதீர்கள். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். படிக்காமல் கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அக்கா, நான்தான்.

இன்று சாயங்காலம் அப்பா நாலு முழு வெள்ளைத்தாள் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். புதுத்தாளின் மணம் மூக்கில் ஏறியதும் நீதான் வந்து நின்றாய். புது நோட்டு வாங்கினால் எழுதும் முன் முகர்ந்து பார்ப்பாயே. ஆனால் இந்தத் தாள் உன் கல்லூரி மேடத்தின் மேல் கொடுக்கப்போகும் மனுவுக்கு. அப்பா சொல்லச் சொல்ல ரஃப் நோட்டில் எழுதிவிட்டேன். நல்ல கையெழுத்தில் எழுதி வைத்தால் காலையில் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோவார். இரண்டு தாள் முடிந்தது. 'ஞாயிற்றுக்கிழமை என் மகளை உப்பளத்துக்குப் போகச் சொன்னது அந்த ஆசிரியைதான்' என்ற வரி வந்ததும் கை ஓடவில்லை. ரஃப் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி உனக்கு எழுதுகிறேன்.

நீ கல்லூரியில் சேர்ந்த புதிதில் வீடே சிரித்தது. மேடம் கரும்பலகைப் பக்கமே போவதில்லை என்றாய். பாடத்தை முதல் நாளே வீடியோவாக அனுப்பிவிடுவார், வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும், வகுப்பில் நாலு நாலு பேராக உட்கார்ந்து புரியாததை ஒருவருக்கொருவர் கேட்டுச் சண்டை போடவேண்டும் என்றாய். அப்பா வலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நடத்துதது எம் புள்ளைன்னா, சம்பளத்தையும் எம் புள்ளைக்கே குடுக்கச் சொல்லு."

வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோவார். அவர் கரைக்கு வந்த பிறகுதான் உனக்கு வகுப்பு. திரையைத் துடைத்துக்கொண்டே, "மேடம் மூக்குல செதில் ஒட்டிக் கெடக்கு பாருளா" என்பாய்.

பிறகு அந்தப் பதிவு வேலை வந்தது. படித்ததை ஒரு பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து, பேசுவதைப் பதிவு செய்து அனுப்பவேண்டும். நான் மாட்டிக்கொண்டேன். முதல் தடவை, படுக்கப் போகிற அவசரத்தில் "புரிஞ்சிட்டு, புரிஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் கல்லூரியிலிருந்து வந்து என் காதைத் திருகினாய்.

"மேடம் கேட்டுட்டுச் சிரிச்சிட்டாவ. ஒன் தங்கச்சிக்குத் தூக்கந்தான் வந்திருக்கு, பாடம் வரலன்னு சொல்லிட்டாவ. புரியலன்னா புரியலன்னு சொல்லணும், என்ன?"

அதற்குப் பிறகு நான் பொய் சொன்னதில்லை. 'புரியல' என்று சொன்னால் எங்கள் பள்ளியில் எரிந்து விழுவார்கள். நீ மட்டும்தான் சந்தோஷப்படுவாய். "எங்கன புரியல? அதச் சொல்லு" என்று பக்கத்தில் நகர்ந்து உட்காருவாய்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். கடல் தண்ணீர் வற்ற வற்ற முதலில் சாப்பாட்டு உப்பு படியும், கசக்கிற உப்பெல்லாம் கடைசித் தண்ணீரில் தங்கிவிடும், அதனால்தான் முழுக்க வற்றுவதற்கு முன்பே வாரிவிடுகிறார்கள் என்றாய்.

"எல்லாம் ஒரே தண்ணியிலதான கெடக்கு? பொறவு எப்படி ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்தி?"

"பஸ்ஸுல எல்லாரும் ஒரே ஸ்டாப்புலயா எறங்குதாவ? அது மாதிரிதான்."

"அப்போ விசில் அடிக்கது யாரு?"

நீ சிரித்துவிட்டாய். மூன்று தடவை சொன்னாய். மூன்று தடவையும் "புரியலக்கா" என்றேன். உண்மையாகவே புரியவில்லை. "சரி, நாளைக்கு நானே அளத்துக்குப் போயி வீடியோ எடுத்துட்டு வந்து காட்டுதேன். கண்ணால பாத்தாப் புரியும்" என்று சொல்லி, பாதிப் பதிவை அப்படியே மேடத்துக்கு அனுப்பிவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. போன் வீட்டில் கிடக்கும் ஒரே நாள் அதுதான். இருட்டோடு எழுந்து சைக்கிளை எடுத்தாய். மாதா கோயிலுக்கு, முதல் பூசைக்கு வராமல் எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் விட்டிருக்கமாட்டாள். "காலேஜ் வேலம்மா. ரெண்டாம் பூசைக்கு வந்துருவேன்" என்றாய். போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். எனக்காகத்தான் போகிறாய் என்று தெரிந்தும் எழவில்லை. துறைமுகச் சாலையில் லாரி வந்தது.

நீ சொன்னதைத்தான் அம்மா எல்லோரிடமும் சொன்னாள். காலேஜ் வேலை. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "வகுப்புல உக்காத்தி வச்சு நடத்தியிருந்தா எம் புள்ள ரோட்டுல கெடந்திருக்குமா? அந்தம்மா வேலை போவணும். அன்னைக்குத்தான் எனக்கு உறக்கம்." அந்தக் கோபம் இருப்பதால்தான் சாப்பிடுகிறார், கடலுக்குப் போகிறார். அதைப் பிடுங்கிவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்? நான்தான் மிஞ்சுவேன். பிறகு என்னை எப்படிப் பார்ப்பார்?

மேடம் கல்லறைக்கு வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தெரியும் அக்கா. அந்தப் பதிவைக் கேட்டிருப்பார். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக அவர் வேலையை இழக்கப்போகிறார்.

போன் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தது. பதிவு அதற்குள்ளேயே இருக்கிறது. உன் குரலைக் கேட்கத் தைரியம் இல்லாமல் அப்பா அதைத் திறக்கவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றித் தினமும் கடலுக்குக் கொண்டுபோகிறார். எத்தனையோ தடவை அழித்துவிட நினைத்தேன். என் குரலை அழித்தால் நீ சிரித்ததும் போய்விடும். அதனால் அழிக்கவில்லை. சொல்லவும் இல்லை.

பள்ளியில் இப்போது "புரிஞ்சுதா?" என்று கேட்டால் முதலில் தலையாட்டுவது நான்தான். 'புரியல' என்ற சொல்லை நான் இப்போது சொல்வதே இல்லை. எங்கே போனாலும் அதைச் சுமந்துகொண்டுதான் போகிறேன். அதைச் சொன்னதற்குத்தானே உன்னை

காலையில் அம்மா பூசைக்குப் போனதும் அப்பாவிடம் போனைக் கேட்டு வாங்கி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தப் பதிவை

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "ஏளா, எழுதி முடிச்சிட்டியா? ஒருக்கா வாசிச்சுக் காட்டு, கேப்போம்" என்கிறார். அக்கா, நான்