ரிலீவர் வரவில்லை

நெய்வேலி,
ஆனி 26, வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் மணிமாறனுக்கு, அப்பா தனகோட்டி சொல்லச் சொல்ல எழுதப்படுவது.

வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள்ளேயே மைன்ஸுக்காக மண் வெட்டும் வண்டிகளை இறக்கினார்களே, அந்த வருஷம் ஆவணியில் உனக்கும் நந்தினிக்கும் கல்யாணம். பெஞ்சல் புயல் அடித்து, பெண்ணையாறு ஊர்களுக்குள் புகுந்த கார்த்திகையின் கடைசியில் நீ குவைத்துக்கு விமானம் ஏறினாய். இந்த ஆனி நாலாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தேகாலுக்கு உனக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். எனக்கு எழுத்துதான் தெரியாது. நாளும் கிழமையும் தவறாது.

இதையெல்லாம் போனில் பேசலாமே என்பாய். நான் குழந்தை என்று வாயெடுத்தாலே, “டவர் கெடைக்கலப்பா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு டவர் வேண்டாம். நம் குழந்தைக்குப் பக்கத்துப் பெட்டியில் மேரிசெல்வியின் மகன் இருக்கிறான். அவள்தான் இதை எழுதுகிறாள். எழுதி முடித்துப் போட்டோ பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாள். திட்டுகிற இடத்தைக் கொஞ்சம் குறைச்சு எழுதட்டுமா தாத்தா என்று கேட்டாள். ஒரு எழுத்துகூடக் குறைக்காதே என்றேன்.

முதல் குழந்தையைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நாலு நாள் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு, என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய முதுகோடு. யாரும் உள்ளே போய்த் தொடாதீங்க, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும், டாக்டருங்க பாத்துப்பாங்க என்று நீ போனில் சொன்னாய். படித்தவன் சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே நாலு நாள் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை அவளைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள். அப்போதுதான் முதல்முதலாக அவளைத் தொட்டேன், மணி. தொட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. நுரையீரல் முற்றவில்லை என்று டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். ஆனால் நம் வீட்டு ஆள் ஒருவரின் சூடு தெரியாமல் போனாள். உன் பேச்சை நான் கேட்டது அதுதான் கடைசி.

நந்தினியைக் கேட்பாய். இதே ஆஸ்பத்திரியில் மாடியில் இருக்கிறாள். பிரசவத்தன்று வந்த வலிப்பு மறுபடி வரவில்லை. ஆனால் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, காய்ச்சல் இறங்காமல் கிடந்தாள். காய்ச்சலோடு குழந்தையிடம் விட மாட்டார்கள். உன் மாமியார் சந்திரா அவளை விட்டு நகர முடியவில்லை. அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா வந்து, இரண்டாவது குழந்தை கொஞ்சம் தேறியிருக்கிறது, இனி சட்டையில்லாத மார்பில் தோலோடு தோலாகப் படுக்க வைக்க வேண்டும், சூடும் மூச்சும் சீராகும், எடை ஏறும், அம்மா முடியாவிட்டால் அப்பா வரட்டும் என்றார். அப்பா குவைத்தில் இருக்கிறான், அப்பாவுக்கு அப்பா இங்கே இருக்கிறேன் என்றேன்.

குழந்தை வார்டுப் பொறுப்பில் இருக்கிற சத்யா சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தாத்தாவா? மார்ல இவ்ளோ நரைமுடிய வச்சிகினு?” என்றாள். விடுவேனா. நேராக மந்தாரக்குப்பம் போய்ச் சலூனில் உட்கார்ந்து மார்பை வழிக்கச் சொன்னேன். ஆஞ்சியோவாண்ணே என்று சலூன்காரன் பயந்துபோய்க் கேட்டான். பேத்திக்கு மெத்தை போடறேன்டா என்றேன். திரும்பி வந்து சட்டையைக் கழற்றியபோது டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். முடி இருந்தால் ஒன்றுமில்லையாம். குளித்திருந்தால் போதுமாம், பீடி கூடாதாம். நாற்பத்தைந்து வருஷப் பீடியை அன்றைக்கு விட்டேன். நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய், விட்டேனா?

அவளை என் நெஞ்சில் வைத்தார்கள். ஆயிரத்து நூற்றைம்பது கிராம். தவளைபோலக் கால் மடக்கி, காதை என் நெஞ்செலும்பில் வைத்துப் படுத்தாள். மைன்ஸில் கரி ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று மரத்துப்போன உடம்பு இது. அதில் அவள் மூச்சு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. எனக்கு எண் தெரியும். மிஷினில் ஆக்ஸிஜன் எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று ஆடிக்கொண்டிருந்தது, கால் மணி நேரத்தில் தொண்ணூற்றைந்துக்குப் போய் நின்றது.

மூன்றாம் நாள்தான் தகராறு. சாயங்காலம் மூன்றிலிருந்து நாலு வரைக்கும்தான் எனக்கு நேரம். நாலு அடித்ததும் சத்யா, டைம் ஆச்சு தாத்தா, எழுந்திருங்க என்றாள். ரிலீவர் வரலம்மா என்றேன். “இன்னாது?” என்றாள். முப்பத்திரண்டு வருஷம் பெல்ட்டில் வேலை பார்த்தவன் நான். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து நிற்காமல் யாரும் இடத்தை விட்டு இறங்க மாட்டோம். மழையில் ரிலீவர் வராமல் பதினாறு மணி நேரம் நின்றிருக்கிறேன். அதைச் சொன்னேன். இது மைன்ஸ் இல்ல தாத்தா, ஆஸ்பத்திரி, புள்ளைய பெட்டியில வைங்க என்றாள். “பெட்டி ரிலீவர் இல்லம்மா. கரிக்கே ஆள் மாத்தாம எறங்க மாட்டோம், இது எங்க வூட்டுப் புள்ள” என்றேன்.

செக்யூரிட்டியைக் கூப்பிட்டாள். வந்தவன் யார் என்கிறாய், நம் அன்புமணி! என்னோடு கான்ட்ராக்டில் கிடந்தவன். அவன் என்னைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், சிஸ்டரைப் பார்த்தான். “இவரு எழுந்திருக்க மாட்டாரு சிஸ்டர். பர்மனென்ட் பண்ணச் சொல்லி மைன்ஸ் கேட்டு முன்னாடி குந்துன ஆளு, பதினோரு நாளு குந்தினாரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். டாக்டரம்மா வந்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். மிஷினைப் பார்த்தார், குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடு நல்லா இருக்கு, இவரை எதுக்கு எழுப்பணும் என்றார். சத்யா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் ஆறு மணிக்கு என் முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்து சொருகியதும் அவள்தான்.

மறுநாள் சத்யாவே ஒரு அட்டையில் கட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். யார் எந்த நேரம் என்று. மேரிசெல்விக்கும் அவள் வீட்டுக்காரன் செபாஸ்டினுக்கும்கூட அதில் இடம் உண்டு. இப்போது சிஸ்டர்களே, ரிலீவர் வந்தாச்சா என்றுதான் கேட்கிறார்கள். நந்தினிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் இல்லை. நேற்று அவளைச் சக்கர நாற்காலியில் கீழே கொண்டுவந்தார்கள். குழந்தையை மார்பில் வாங்கினாள். அழவில்லை. இவளை யாருக்காகவும் பெட்டிக்குள்ள விட மாட்டேன் மாமா என்றாள். காலை அவளுக்கு, மத்தியானம் எனக்கு. சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரைக்கும் உள்ள கட்டத்தில் பெயர் இல்லை. செபாஸ்டின் தன் சொந்தக்காரர் யாரையாவது கூப்பிடவா என்றான். கூடாது, அதற்கு ஆள் இருக்கிறது என்றேன்.

புறப்பட்டு வா என்றதற்கு, வந்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டாயே, இதுதான். சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேலை. உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். நெஞ்சில் வாங்கிய பிறகு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைக்கிறாய். ஆகலாம். டாக்டரம்மாவும் இன்னும் உறுதி சொல்லவில்லை. அப்படி ஆனாலும் உன் நெஞ்சில் இருக்கும்போது ஆகட்டும். கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு தரம் நான் நிற்க மாட்டேன், உன்னையும் நிற்க விட மாட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுபோகும்வரை பெயர் வைக்காதீர்கள் என்று உன் மாமியார் சொல்கிறார். காலில் ‘நந்தினி பேபி 2’ என்று பட்டை கட்டியிருந்தார்கள். பெரியவளைப் பெயரில்லாமல் மண்ணுக்குக் கொடுத்தது என் தப்பு. இவளை எண்ணாக வைத்திருக்க மாட்டேன். நேற்று நந்தினி பெயர் சொன்னாள், நான் சத்யாவிடம் பட்டையை மாற்றச் சொன்னேன். இனிஷியல் என்ன என்று கேட்டாள். அப்பா பெயர்தான், வேறென்ன என்றேன். ஆளைவிடப் பெயர் நீளம். இருக்கட்டும், அதற்குத் தக்க வளர்வாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். வா.

இப்படிக்கு,
உன் அப்பா தனகோட்டி, இடது பெருவிரல் ரேகை.
பிறந்த இருவரில் உனக்கு இருக்கிற மகள்,
ம. கிருஷ்ணப்ரியா.