செண்பகத்தின் கண்ணுக்கு அரைத்த மஞ்சள்

மேகத்துக்கு மேலிருந்து சாரல் பார்க்கும் என் கோமதிக்கு,

மூன்றாம் பாரப் பரீட்சையில் தவறியவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். குற்றாலத்தில் அருவி நன்றாக விழுகிறது. ஆனால் இப்போது இருக்கிற மூஞ்சியோடு நான் குளிக்கப் போனால், ஜனங்கள் அருவியை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். ஏன் என்று கேள்.

நீ போனதிலிருந்து உன் மகள் சரியாகத் தூங்குவதில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு; கசக்கிக் கசக்கிச் சிவப்பு வேறு. சுரண்டையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "பிள்ளைக்குச் சீக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்; திரும்ப வரவில்லை. இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்றுவிட்டாள் செண்பகம். இன்று காலையில் ஆய்க்குடிக்காரர்கள் வருவதாக இருந்தது. நான் என்ன செய்வேன்?

கண் கறுப்புக்கு நீ ஒரு பூச்சு அரைப்பாயே, அதை விடியும்போதே நான் அரைத்தேன். கற்றாழைச் சோற்றை அலசி, அதிமதுரம் இடித்து, சந்தனம் உரைத்து, அடுக்களை டப்பாவிலிருந்து மஞ்சளும் போட்டேன். நீ போடுவது கஸ்தூரி மஞ்சள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"மொதல்ல நீங்க பூசிக் காட்டுங்கப்பா" என்றாள். இரண்டு கண்ணுக்கும் கீழே அப்பிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தவன், காற்று சுகமாக இருக்கவே தூங்கிப்போனேன். வில்வண்டிச் சத்தத்தில்தான் விழித்தேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். கறி மஞ்சள் போகுமா? அது அப்படியே இருக்க, உன் மகளின் சிவப்பும் எனக்கு வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, மஞ்சக்காமாலையா? மருந்து சாப்பிடுதியளா?"

மாப்பிள்ளையின் மாமா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் யாரும் கூப்பிடாமலே செண்பகம் வெளியே வந்தாள்.

"காமாலை இல்ல அத்தை. என் கண்ணுக் கறுப்புக்கு அரைச்சது. எனக்கு எரியுமோன்னு அப்பாவ மொதல்ல பூசச் சொன்னேன். கறி மஞ்சளப் போட்டுட்டாவ."

அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு செண்பகத்தைப் பக்கத்தில் இழுத்து, முகத்தை ஏந்திப் பார்த்தாள்.

"அம்மா போனதுலருந்து தூங்கலியாட்டி?"

"இல்ல அத்தை."

"இதுக்கு ஒண்ணும் அரைக்காண்டாம். எங்க வீட்டுக்கு வா, நல்லாத் தூங்கு."

ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாம் என்று சொல்லிப் போனார்கள்.

அவர்கள் போனதும் பாயில் சாய்ந்தவள் இன்னும் எழவில்லை. மத்தியானம் தாண்டிவிட்டது, அடுப்பு மூட்டவில்லை. என் வயிறு கூப்பாடு போடுகிறது. போடட்டும். அவளாக எழுகிறவரை நான் எழுப்பமாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

பசியோடு,
உன் செண்பகத்தின் அப்பா